அடுப்பங்கரையில் அகிம்சை



இல்லறத்தார் வாழும் மனையில் உயிர்க்கொலை நேரும் இடங்கள் ஐந்து என்பர் நம் முன்னோர். இடிக்கின்ற உரல், அரைக்கின்ற திரிகை, சமைக்கின்ற அடுப்பு, நீர் வைக்கும் குடம், பெருக்குகின்ற துடைப்பம் ஆகியவையே அவ்வைந்து. இவற்றிற்குப் ‘பஞ்ச சூனை’ என்பது பெயர். சூனை என்றால் கொலைக்களம். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஆகாரதானம் கூறுமிடத்து, தானம் ஏற்கும் துறவியர் இச்சூனைகளை நீத்தவர் என்றே சுட்டப்பெறுகின்றனர். அவர்கள் நீத்துவிட்டனர்; நாம் நீக்க இயலாதவர்களாய் நாள்தோறும் அவற்றினிடையே நிற்கிறோம்.

இவ்வைந்தில் உரலும் திரிகையும் இன்று பெரும்பாலான இல்லங்களில் இயந்திரங்களாய் மாறிவிட்டன. அடுப்போ நம் காலத்தில் பலமுறை உருமாறிவிட்டது. விறகடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு, மேடைக்குள் பதிக்கும் ‘ஹாப்’ அடுப்பு, ‘இண்டக்‌ஷன்’ எனப்படும் மின்தூண்டல் அடுப்பு என அதன் வகைகள் பெருகியுள்ளன. புதுமனை கட்டுவோரும் சமையலறையைச் செப்பனிடுவோரும், “எவ்வடுப்பை வாங்குவது?” என்று கடைக்காரரைக் கேட்கின்றனர். அவர் அழகையும் விலையையும் கூறுவார். சிராவகர் கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் உள. அவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அறநூல் தரும் அளவுகோல்

கொலை நால்வகைப்படும் என்பது நாம் அறிந்ததே. வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய மனைத்தொழில்களில் நேர்வது ஆரம்பி. பயிர்த்தொழில், வாணிகம் முதலியவற்றில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் விலக்கக் கடவன். ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைக்கக் கடவன். அடுப்பில் நேர்வது ஆரம்பி ஹிம்சை. ஆகவே அடுப்பே வேண்டாம் என்று அறநூல் நம்மிடம் கூறவில்லை. ‘பார்த்து மூட்டு, வேண்டிய அளவே மூட்டு’ என்று கூறுகிறது.

‘பார்த்து மூட்டு’ என்பது யத்னாசாரம், அதாவது விழிப்போடு கூடிய ஒழுக்கம். ‘வேண்டிய அளவே மூட்டு’ என்பது அநர்த்த தண்ட விரதத்தின் பாற்பட்டது. பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்னும் குற்றமாக அறநூல் எண்ணுகிறது. நூற்றெண்பது குறட்பாக்களில் சிராவக ஒழுக்கத்தைத் தமிழில் வகுத்துரைக்கும் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தைக் கூறத் தவறவில்லை. பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வீணே எரியும் தீ, இக்குற்றத்திற்கு நம் வீட்டிலேயே காணத்தக்க சான்று.

எனவே எந்த அடுப்பையும் நான்கு கேள்விகளால் அளந்து பார்க்கலாம்.

1. மூட்டுமுன் அதன் மேலும் கீழும் உள்ளும் உயிர்கள் உளவா என்று கண்ணால் காண இயலுமா?
2. மூட்டிய வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்தைச் சேர்கிறது, எவ்வளவு வீணாகிறது?
3. சமைப்பவரின் உடலுக்கும் உயிருக்கும் அதனால் ஊறு உண்டா?
4. கதிரவன் மறையுமுன் உணவை முடிக்க அது துணை செய்யுமா?

விறகும் மண்ணெண்ணெயும்

விறகடுப்பு நம் மரபுக்கு நெருங்கியது. அதைப் பேணும் முறையை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். முதல் நாள் சாம்பலை அள்ளி, அடுப்பை மெல்லத் துடைத்து, ஒவ்வொரு விறகையும் தரையில் தட்டி உதறிய பின்னரே மூட்டினர். காய்ந்த விறகின் பட்டைக்குள்ளும் பொந்துக்குள்ளும் எறும்பும் கரையானும் வண்டும் குடியிருக்கும். எவ்வளவு தட்டினாலும் உட்பொந்தில் இருப்பவை வெளிவருவதில்லை. முதல் கேள்வியிலேயே விறகடுப்பு இடர்ப்படுகிறது.

இரண்டாம் கேள்வியிலும் அது தாழ்ந்தே நிற்கிறது. மூன்று கல் கூட்டிய பழைய அடுப்பில், விறகு தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரையே பாத்திரத்தைச் சேரும். எஞ்சியது சுவருக்கும் கூரைக்கும் போகும். புகையின் தீமை இதனினும் கொடிது. வீட்டுக்குள் எழும் சமையற்புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கண்ணெரிச்சலும் இருமலும் அடுப்படிப் பெண்டிரின் தலைவிதி என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். எறும்பின் உயிருக்கு இரங்கும் நாம், அடுக்களையில் நிற்கும் தாயின் நுரையீரலுக்கு இரங்காதிருத்தல் அறமாகாது.

மண்ணெண்ணெய் அடுப்பில் விறகின் உயிர்கள் இல்லை. ஆயினும் புகையும் நாற்றமும் தீ விபத்தும் உண்டு. வீட்டுப் பயன்பாட்டிற்கு மண்ணெண்ணெய் உகந்ததன்று என்று மேற்சொன்ன நிறுவனமே 2014ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் அறிவுறுத்தியது. ஆதலின் இவ்விரண்டையும் இன்று புதிதாய்த் தேர்வார் அரியர். ஆயினும் விறகை உதறிய அக்கை வழக்கத்தை நாம் கைவிட்டுவிடலாகாது. அடுப்பு மாறினாலும் அவ்வழக்கம் தொடர வேண்டும்.

மேடைமேல் வைக்கும் எரிவாயு அடுப்பு

தமிழகச் சிற்றூர்களிலும் இன்று பரவலாக உள்ளது இதுவே. 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டம் ஏழை இல்லங்களுக்கும் இதைக் கொண்டு சேர்த்தது. புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களை அழுத்தி நீர்மமாக்கி 14.2 கிலோ உருளைகளில் அடைத்துத் தருகின்றனர். இயல்பில் மணமற்ற இவ்வாயுவில், கசிந்தால் உடனே அறியும் பொருட்டுக் கெட்ட நாற்றமுடைய ஒரு பொருளைக் கலக்கின்றனர்.

வாங்கும்போது ஐ.எஸ். 4246 என்னும் தரக்குறியைப் பார்த்து வாங்குதல் வேண்டும். எரியும் வாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 68 பங்கேனும் பாத்திரத்தைச் சேர வேண்டும் என்பது அத்தர நெறியின் விதிகளுள் ஒன்று. ஆனால் இது சோதனைக்கூட அளவு. சிறு கிண்ணத்தைப் பெரிய பர்னரின்மேல் வைத்துத் தீ வெளியே பரவ எரிப்போமாயின், அப்பயன் நமக்குக் கிட்டாது. தீ நீல நிறமாய் எரிதல் நலம். மஞ்சளாய் எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால், பர்னரின் துளைகள் அடைபட்டுள்ளன அல்லது காற்றுக் கலப்புச் சீராக இல்லை என்று அறிந்து செப்பனிடல் வேண்டும்.

சிராவகர் நோக்கில் இவ்வடுப்பின் பெருஞ்சிறப்பு, இதைக் கையால் தூக்க முடிவதே. தட்டையும் பர்னரையும் எடுத்து, அடுப்பை ஒருபுறம் நகர்த்தி, அடியில் உள்ள மேடையை முழுதும் பார்த்துத் துடைக்கலாம். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடை தரும் அடுப்பு வேறில்லை. தேர்ந்தெடுக்கையில் கால்கள் சற்று உயரமாய் இருப்பதைத் தேர்க. தாழ்ந்த கால்களையுடைய அடுப்பின் அடியில் கை நுழையாது. எறும்பு மட்டுமே நுழையும்.

மேல்தளம் எஃகா, கண்ணாடியா என்பதும் ஒரு வினா. கடைகளில் கருங்கண்ணாடி அழகாய் மின்னுகிறது. ஆனால் கருநிறத் தளத்தில் கருநிற எறும்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எஃகுத் தளத்தில் சிற்றெறும்பும் தெளிவாய்த் தெரியும். அன்றியும் கண்ணாடி, கனமான பாத்திரம் விழுந்தால் நொறுங்கும், எஃகு நொறுங்காது. ஆதலின் எஃகே நமக்கு ஏற்றது என்பது எம் துணிபு.

மேடைக்குள் பதிக்கும் ஹாப் அடுப்பு

சமையல் மேடைக் கல்லை வெட்டி, அதனுள் அடுப்பின் உடலைப் பதித்து, மேற்பரப்பு மட்டும் தெரியுமாறு அமைப்பது ஹாப். மேடை சமமாய் இருப்பதால் மேலே துடைத்தல் எளிது. தீக்குச்சியின்றித் தானே பற்றிக்கொள்ளும். தரமான சில வகைகளில், காற்றாலோ பால் பொங்கியோ தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் கருவியும் உண்டு. முதியோரும் மறதியுடையோரும் சமைக்கும் இல்லங்களில் இக்கருவி உயிர் காக்கும்; இதை மறுப்பதற்கில்லை.

எனினும் குறை ஒன்று உண்டு. அண்மையில் யாம் சென்றிருந்த ஓரில்லத்தில் நான்கு பர்னர் ஹாப் புதிதாய்ப் பதித்திருந்தனர். மேற்பரப்பு கண்ணாடி போல் துலங்கியது. ஒரு நாள் பழுது பார்ப்பதற்காக அதனைக் கழற்றித் தூக்கியபோது, அடியில் சிந்தி உறைந்த பாலும் சர்க்கரைப் பாகும் கருகிக் கிடந்தன. அவற்றைச் சுற்றிலும் எறும்புகள் திரளாய் மாண்டு கிடந்தன. அவ்வீட்டுத் தாயார் நாள்தோறும் நீரை வடிகட்டிப் பருகுபவர், இரவில் உண்ணாதவர். “மேலே துடைத்துக்கொண்டே இருந்தேனே, கீழே இப்படி இருக்கும் என்று யாருமே சொல்லவில்லையே” என்று அவர் கண்கலங்கிக் கூறினார். அவர்பால் கருத்துக் குற்றம் இல்லை. காண முடியாத இடத்தைக் கொண்ட அடுப்பைத் தேர்ந்ததே குறை.

ஹாப் வேண்டும் என்போர் மூன்றினை உறுதி செய்துகொள்க. முதலாவது, கல்லுக்கும் அடுப்பின் விளிம்பிற்கும் இடையே நீரும் பாலும் இறங்காதவாறு இரப்பர்ப் பட்டை நன்கு பொருந்தியிருத்தல் வேண்டும். இரண்டாவது, பர்னரைச் சுற்றிச் சிந்துவதை ஏந்தும் தட்டு, கழற்றிக் கழுவத் தக்கதாய் இருத்தல் வேண்டும். மூன்றாவது, அடியில் உள்ள அறை திறந்து பார்க்கக் கூடியதாகவும் வெளிச்சம் படுவதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லையேல் ஹாப் வேண்டா.

பாதுகாப்புக் குறித்தும் ஒன்று கூற வேண்டும். உருளையின் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். ஹாப் அமைக்கும் இல்லங்களில் உருளையை மரக்கதவிட்ட அலமாரிக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. அவ்வறையில் தரைமட்டத்தில் காற்றுப்போக்கி இல்லையெனில் வாயு அங்கேயே தேங்கி, ஒரு பொறியால் வெடிக்கக் கூடும். குழாய் வழி வரும் இயற்கை வாயுவோ காற்றினும் இலேசானது, மேலே எழும். அதற்குக் கூரையை ஒட்டிய காற்றுப்போக்கி வேண்டும். உருளை வாயுவிற்குரிய அடுப்பை, உள்ளிருக்கும் நுண்துளைக் குமிழை மாற்றாமல் குழாய் வாயுவிற்குப் பயன்படுத்தலாகாது.

மின்தூண்டல் அடுப்பு

இண்டக்‌ஷன் அடுப்பில் தீ இல்லை. கண்ணாடித் தளத்தின் கீழே செப்புக்கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதனுள் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கும் மேலாகத் திசை மாறும் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் எழுகிறது. அப்புலம் மேலே வைத்த இரும்புப் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே சூடாகிறது. அடுப்புச் சூடாகிப் பாத்திரத்தைச் சுடவைப்பதில்லை. பாத்திரம் சூடாகி அடுப்புத் தளத்தைச் சிறிது சூடாக்குகிறது. இதனால் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு பயன்படுகிறது. பாத்திரத்தை எடுத்தவுடன் வெப்பம் எழுவதும் நின்றுவிடும்.

பாத்திரம் காந்தத்தை ஈர்க்கும் இரும்பாகவோ அத்தகைய எஃகாகவோ இருத்தல் வேண்டும். அடி தட்டையாய் இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள சிறு காந்தத்தை அடியில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் இல்லங்களில் தலைமுறையாய் வரும் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம், வெண்கலப் பானை, கல்சட்டி, மண்சட்டி, அலுமினியக் குக்கர் ஆகியவை இதில் சூடாகா. தட்டையான இரும்புத் தோசைக்கல் சூடாகும். புதுப் பாத்திரங்களுக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுக.

‘இன்ஃப்ராரெட்’ எனப்படும் மற்றொரு மின்னடுப்பு எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும். ஆயினும் அதன் தளம் செந்தணலாய்ப் பழுக்கும். அணைத்த பின்னும் நெடுநேரம் சூடு ஆறாது. அதன்மேல் வந்து வீழும் சிற்றுயிர் பிழைப்பதில்லை. குழந்தைகள் உள்ள இல்லத்திற்கும் அது ஏற்றதன்று.

மின்னடுப்புகள் 1,800 முதல் 2,000 வாட் வரை மின்னாற்றல் கொள்வதால் 16 ஆம்பியர் இணைப்பும் சரியான நில இணைப்பும் வேண்டும். இதயத்தில் துடிப்புச் சீராக்கி பொருத்தப்பெற்றோர் மின்தூண்டல் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்றல் வேண்டும். மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்தல் வேண்டும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர்களில் இதனை மட்டுமே நம்பியிருத்தல் இயலாது.

தீயில்லையெனில் கொலையில்லையா?

“இண்டக்‌ஷனில் தழல் இல்லை, தீயுடலுயிர்க்கு ஊறில்லை, எனவே இதுவே முழு அகிம்சை அடுப்பு” என்று சிலர் கூறுகின்றனர். இதனைச் சிறிது ஆராய்வோம்.

நிலையுயிர்களை மண், நீர், தீ, காற்று, மரம் என ஐவகை உடலுடையன என்று ஆகமம் கூறும். மின்சாரம் தீயுடலுயிரா அன்றா என்பதில் சமண அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. அவ்விவாதத்தை அறிஞர்க்கே விட்டுவிடுவோம். இல்லறத்தார் தெளிவாய் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. நம் மின்சாரத்தின் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. தீ நம் கண்முன் இல்லை, எங்கோ எரிகிறது. கண்ணில் படாத தீயைத் தீ இல்லை என்று கருதுவது, ஹாப் அடியில் உள்ள எறும்பை இல்லை என்று கருதுவதை ஒக்கும்.

அன்றியும் மின்தூண்டல் அடுப்பின் அடியில் காற்றுத் துளைகளும் சிறு விசிறியும் உள்ளன. வெதுவெதுப்பை நாடி எறும்பும் கரப்பானும் அத்துளைகள் வழியே உள்ளே புகுவதுண்டு. தளமோ பெரும்பாலும் கருநிறம். எனவே தழலின்மையால் யத்னாசாரம் தேவையின்றிப் போவதில்லை. வெள்ளைத் துணியால் தளத்தைத் துடைத்து, அடுப்பைத் தூக்கி அடிப்பக்கத் துளைகளைப் பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துக. வேலை முடிந்து ஆறியபின் துணியுறையால் மூடி வைக்க.

இதன் உண்மைச் சிறப்பு வேறு இரண்டில் உள்ளது. வெப்பம் வீணாவது குறைவு. எனவே பிரமாதசரியை குறைகிறது. தழலும் ஒளியும் இன்மையால் அந்தி வேளையில் விட்டிலும் ஈசலும் வந்து வீழ்ந்து மாள்வது குறைகிறது. ஆயினும் சமையலறை விளக்கு அவற்றை ஈர்க்கவே செய்யும். ஆகவே அதற்கு உண்மையான மருந்து, விளக்கேற்றுமுன் சமையலை முடிப்பதே.

இரவுண்ணாமையும் அடுப்பும்

நம் நாட்டில் நவம்பர்த் திங்களில் மாலை 5.45 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். அலுவலகம் சென்று திரும்பும் கணவனும் மனைவியும் அதற்குள் உணவை முடிப்பது எளிதன்று. ‘அடுப்புத் தாமதமாகிறது’ என்ற காரணத்தால் இரவுண்ணாமை விரதம் தளர்ந்த இல்லங்கள் பல. இங்கேதான் அடுப்பின் விரைவு அறத்திற்குத் துணையாகிறது.

இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க, 2,000 வாட் மின்தூண்டல் அடுப்பில் ஏறத்தாழ ஆறு நிமிடமும் ஐந்தில் ஒரு யூனிட் மின்சாரமும் போதும். அதே நீருக்கு நல்ல எரிவாயு அடுப்பில் ஏறத்தாழ 19 கிராம் வாயு செலவாகும். ஒன்றில் குக்கரும் மற்றொன்றில் குழம்புமாக இரு அடுப்பும் ஒருங்கே இயங்கினால், அரை மணி நேரத்தில் எளிய மாலையுணவு முடிந்துவிடும். பருப்பை முன்னரே ஊறவைத்தலும், பாத்திரத்தை மூடிச் சமைத்தலும் நேரத்தையும் தீயையும் ஒருங்கே குறைக்கும்.

செலவுக் கணக்கு

ஒரு கிலோ வாயு எரிந்தால் ஏறத்தாழ 12.7 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் எழும். 14.2 கிலோ உருளையில் அது ஏறத்தாழ 180 யூனிட். அதில் நூற்றுக்கு 68 பங்கு பாத்திரத்தைச் சேர்ந்தால் 122 யூனிட் பயன். இப்பயனை மின்தூண்டல் அடுப்பில் பெற ஏறத்தாழ 145 யூனிட் மின்சாரம் வேண்டும். தீயை வீணாக்கும் பழக்கமுள்ள இல்லத்தில் 115 யூனிட்டே உருளைக்கு ஈடாகிவிடும்.

ஆகவே உங்கள் இல்லத்தின் யூனிட் விலையை 145ஆல் பெருக்கி உருளையின் விலையோடு ஒப்பிடுக. தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாய் உயர்வதால், உங்கள் கடைசி யூனிட் எந்தப் படியில் விழுகிறதோ அந்த விலையையே கொள்ளல் வேண்டும். குறைந்த படியில் உள்ள இல்லத்திற்கு மின்னடுப்பு ஆதாயம் தரலாம். ஏற்கெனவே குளிர்சாதனமும் பிறவும் இயங்கும் இல்லத்திற்கு எரிவாயுவே ஆதாயமாகலாம்.

எவ்வில்லத்திற்கு எது?

சிறு குடும்பத்திற்கு, உயர்ந்த கால்களையுடைய இரண்டு பர்னர் எஃகு எரிவாயு அடுப்பு ஒன்றும், நீர் காய்ச்சவும் பால் காய்ச்சவும் மின்தூண்டல் அடுப்பு ஒன்றும் போதும். கூட்டுக்குடும்பத்திற்கு மூன்று பர்னர் அடுப்பு ஏற்றது. நான்கு பர்னர் அடுப்பில் பெரிய பாத்திரங்களை ஒருங்கே வைக்க இடம் போதாது. பெரும்பாலும் ஒரு பர்னர் வீணே நின்று தூசும் சிற்றுயிரும் தங்குமிடமாகும். தனித்து வாழும் முதியோர்க்கு, குறித்த நேரத்தில் தானே நிற்கும் மின்தூண்டல் அடுப்போ, தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் கருவியுடைய அடுப்போ சிறந்தது. முனிவர்க்கு ஆகாரம் சமைக்கும் பேறு வாய்க்கும்போது, அச்சங்கத்தின் வழக்கத்தை முன்னரே கேட்டறிந்து அதற்கேற்ப அடுப்பை அமைத்துக்கொள்க.

நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவை

1. மூட்டுமுன் தட்டையும் பர்னரையும் எடுத்து, மென்துணியால் மெல்லத் துடைத்து, எறும்பு இருப்பின் ஊதாமல் அடிக்காமல் அது விலகும்வரை காத்திருக்க.
2. பால், பாகு, எண்ணெய் சிந்தினால் அடுப்பு ஆறியவுடன் துடைக்க. சிந்தியதை விட்டுவைத்தல் உயிர்களை அழைத்துக் கொல்வதாகும்.
3. வாரம் ஒருமுறை அடுப்பைத் தூக்கி மேடையைக் கழுவித் துடைத்து உலர்த்துக. ஈரம் தங்கினால் சிற்றுயிர் தோன்றும். பின்னர்ப் பூச்சிக்கொல்லியை நாடும் நிலை வரும்.
4. தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டலாகாது. கொதித்தபின் தீயைத் தணிக்க.
5. இரவில் உருளையின் ரெகுலேட்டரை மூடுக. இரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. கசிவைச் சோப்பு நீரால் சோதிக்க, தீக்குச்சியால் சோதிக்கலாகாது.
6. வாயு நாற்றம் வந்தால் மின்விசை எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, சாளரங்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க.

முடிவுரை

அடுப்பின் வகை ஆண்டுதோறும் மாறும். நாளை இன்னொன்று வரும். அதற்கும் கடைக்காரர் புகழுரை கூறுவார். அப்போதும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: இதன் அடியை நான் பார்க்க முடியுமா? பார்க்க முடிந்த அடுப்பில் குறைந்த தீயை மூட்டி, பகலிலேயே உண்டு முடிக்கும் இல்லத்தில், பஞ்ச சூனைகளுள் ஒன்றின் கொடுமையேனும் தணியும். மருமகள் அடுப்பைத் தூக்கித் துடைக்கையில் மகனும் ஒரு கை கொடுப்பானாயின் அவ்வறம் இருவரையும் சேரும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. பஞ்ச சூனைகள் யாவை? உங்கள் இல்லத்தில் அவை இன்று எவ்வுருவில் உள்ளன?
2. நால்வகைக் கொலையுள் அடுப்பில் நேர்வது எது? அதனை இல்லறத்தார் எவ்வாறு குறைக்கலாம்?
3. தீயை வீணாக்குதல் எவ்விரதத்தின் குற்றமாகும்?
4. உங்கள் வீட்டு அடுப்பின் அடியை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எந்நாள்?

நான்காம் வினாவிற்கு விடை ஏட்டில் இல்லை. இன்றே அடுக்களைக்குச் சென்று காண்க.

அறம் வளர்க! ஜினதர்மம் வாழ்க!